பச்சை பெயின்ட் ரீல்: ஒரு திருத்த வேலையின் முழு விவரம்

ஹட்டனில் எனக்குச் சின்னதாக ஒரு திருத்தக் கடை இருக்கிறது. ரைஸ் குக்கர், மின்விசிறி, கிரைண்டர், மழையில் நனைந்த டோர்ச் லைட், இப்படித்தான் வரும். வரும் சாமான் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கட்டிவிடுவது பழக்கம். வந்தபோது என்ன நிலை, என்ன கோளாறு, என்ன செய்தேன், என்ன மிச்சம் என்று நாலு வரி. அப்பாவின் மீன்பிடி ரீலுக்கும் அப்படித்தான் ஒரு சீட்டு எழுத ஆரம்பித்தேன். நாலு வரி போதவில்லை. ஒரு கொப்பி முடிந்து, அடுத்த கொப்பியில் பதினொரு பக்கம் போய்விட்டது. அதிலிருந்து எடுத்துத்தான் இதை எழுதுகிறேன்.

துருவும் பழைய கிரீஸும் பெரிய காரியம் இல்லை, அதற்கெல்லாம் வழி தெரியும். எனக்கு முன்னாலேயே ஒருவர் இந்த ரீலை நாலு இடத்தில் திருத்தியிருந்தார். அவர் வேலையில் எதைக் கழற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதில்தான் மூன்று மாதம் இழுத்தது.

வந்தபோது இருந்த நிலை

அப்பா மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில் ஃபிட்டராக இருந்தவர். ஸ்டோர் என்றால் சாமான் அடுக்கும் அறை இல்லை. எங்கள் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம். அவர் இறந்த அடுத்த வருஷம் லயத்து வீட்டுக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) கூரைத் தகரம் மாற்றும்போது, அட்டாலில், அதாவது பரணில் இருந்து அம்மா ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். உள்ளே மாச்சாக்குத் துணியில் சுற்றி இந்த ரீல். கூடவே மஞ்சளித்துப்போன தங்கூஸ் நூல் கொஞ்சம், துருப்பிடித்த முள் ஏழெட்டு, மெழுகுக் காகிதத்தில் மடித்த ஈயக் குண்டுகள்.

சீட்டில் முதலில் எழுதியது இது. கைப்பிடி அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது, பலமாகத் திருப்பினால் மணல் அரைபடுகிற சத்தம். பின்பக்கமாகவும் சுற்றுகிறது, அதாவது தடுப்பு நாக்கு வேலை செய்யவில்லை. நூலைப் பிடித்துச் சுற்றும் வளையக் கம்பியைத் திறந்தால் தானாக மூடவில்லை, தொங்கிக்கொண்டே நிற்கிறது. நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டிராக் திருகு அசையவே இல்லை. கைப்பிடிக் குமிழ் மரத்தில் செய்தது, ரீலோடு வந்தது இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, முழு ரீலுக்கும் ஸ்டோர் மெஷின்களுக்கு அடிக்கிற பச்சை எனாமல் பெயின்ட் தடிப்பாக அடித்திருந்தது.

பெயின்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்பாவுக்கு ஒரு டின் பெயின்ட் கையில் கிடைத்தால் மிச்சம் வைக்க மனசு வராது. எங்கள் வீட்டுத் தண்ணீர் வாளி, கோழிக் கூடு, அம்மாவின் தையல் மெஷின் கால், எல்லாம் ஒரு காலத்தில் அதே பச்சைதான்.

யாருடைய ரீல்

பெயர் தெரியாமல் பாகம் தேட முடியாது. அடிப்பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு மட்டும் பெயின்டைச் சுரண்டினேன். கீழே கறுப்பு. இன்னும் கொஞ்சம் சுரண்டியதில் மேட் இன் பிரான்ஸ் என்பது தெரிந்தது. பக்கத் தகட்டில் அதேபோல ஒரு சின்னச் சாளரம் திறந்ததும் மிட்சல் என்று எழுத்து வந்தது.

மிட்சல் ரீல்கள் பிரான்சில் க்ளூஸ் என்ற ஊரில் செய்யப்பட்டவை. ஆல்ப்ஸ் மலைக்குள் இருக்கும் அந்த ஊருக்குக் கடிகாரத் தொழில்தான் பிழைப்பு. கார்பனோ - பொன்ஸ் என்ற கம்பனி கடிகாரப் பாகங்கள் செய்துகொண்டிருந்தது, 1939இல் இந்த ரீலைக் கொண்டுவந்தது. ஆரம்பகால மிட்சல்களில் நூலைப் பிடிக்க அரைவட்டக் கம்பிதான் இருக்கும். என்னிடம் இருப்பதில் முழு வளையம், ஆகவே அதற்குப் பிந்தியது. கைப்பிடி இடப் பக்கம் என்பதால் 300 வகை. வலப் பக்கம் வைத்துச் செய்ததற்கு 301 என்று பெயர். பார்க்கிற எல்லாரும் "என்ன, கைப்பிடியை மாத்திப் பூட்டியிருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். மாற்றவில்லை. வலக் கையால் கம்பை வீசிவிட்டு, கை மாற்றாமல் இடக் கையால் சுற்றத்தான் அப்படி.

தோட்டத்துக்கு எப்படி வந்தது என்பதற்கு வீட்டில் இரண்டு கதை உண்டு. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்து தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போனபோது, வெள்ளைக்காரத் துரைமார் பங்களாச் சாமான்களை விற்றும் கொடுத்தும் விட்டுப் போனார்கள். ஸ்டோரில் அப்போதுதான் சேர்ந்திருந்த அப்பாவுக்குத் துரை தன் கையாலேயே கொடுத்தார் என்பது அப்பா சொன்ன கதை. பங்களாவில் சமையல் பார்த்த அப்புவிடம் இரண்டு போத்தல் சாராயத்துக்கு வாங்கினது என்பது அம்மாவின் கதை. எனக்கு அம்மாவின் கதைதான் நம்பும்படி இருக்கிறது.

துரை அதை வைத்து என்ன பிடித்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் ட்ரவுட் மீனை வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது 1880களில். பிறகு அதற்கென்று கிளப், விதி, கட்டணம் எல்லாம் வந்தன. எங்கள் ஆட்களுக்கு அந்த ஓடை வேறு உலகம். அப்பா இதைக் கொண்டுபோனது மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு. 1969இல் அணை கட்டி முடிந்து, பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. அதற்குப் பிறகு கரையில் நின்று ஜப்பான் மீனும் கெண்டையும் பிடிக்க யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஜப்பான் மீன் என்று நாங்கள் சொல்வது திலாப்பியாவை. அது ஆப்பிரிக்க மீன், இலங்கைக்கு வந்தது 1952இல். ஜப்பானுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனாலும் பெயர் ஒட்டிவிட்டது.

பிரிப்பதற்கு முன்னால் ஒரு விளக்கம்

இந்த வகை ரீலைப் பார்க்காதவர்களுக்காக. இதில் நூல் சுற்றியிருக்கும் ஸ்பூல் உருளாது. வீசும்போது நூல் அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாகக் கழன்று ஓடும். திரும்பச் சுற்றும்போதும் ஸ்பூல் நிற்கும். வளையக் கம்பிதான் அதைச் சுற்றி ஓடி நூலைப் படிய வைக்கும். ஸ்பூல் மேலும் கீழும் மட்டும் அசைந்து கொடுக்கும். தையல் நூல் கட்டையை நிறுத்திவைத்து நுனி வழியாக நூலை இழுத்தால் கட்டை சுற்றாமலேயே நூல் வருமே, அதே சங்கதி. யோசனை வந்ததும் நூல் ஆலையில் இருந்துதான். இந்த மாதிரி ரீலுக்கு 1905இல் காப்புரிமை வாங்கிய ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் இங்கிலாந்தில் நெசவு ஆலை வைத்திருந்தவர்.

ஸ்பூல் உருளவே உருளாது என்றும் சொல்ல முடியாது. பெரிய மீன் இழுத்தால் நூல் அறுவதற்கு முன் ஸ்பூல் வழுக்கிக் கொடுக்க வேண்டும். அந்த வழுக்கலைத்தான் டிராக் திருகின் கீழே இருக்கும் வாஷர்கள் கட்டுப்படுத்துகின்றன. பஸ்ஸுக்குக் கிளட்ச் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆணிகள், ஒரு முட்டாள்தனம்

பக்கத் தகட்டைப் பிடித்திருந்த இரும்புத் திருகாணிகள் அசையவில்லை. உடம்பு அலுமினியம், ஆணி இரும்பு, நடுவில் எங்கள் ஊர் ஈரம். இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டு இருந்தால் அலுமினியம் அரிபட்டு வெள்ளைத் தூளாகும். அந்தத் தூள்தான் மறைக்குள், அதாவது திருகுப் புரிக்குள் போய் ஆணியைச் சிமெந்து போல இறுக்கும். இங்கே வருஷத்தில் பாதி நாள் வீட்டுச் சுவரே வியர்க்கும். டின்னுக்குள் வைத்தது காப்பாற்றவில்லை, ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்ததுதான் மிச்சம்.

கராஜில் இருந்து கார் கியர்பெட்டி எண்ணெய் கொஞ்சம் வாங்கி, அதே அளவு அசிட்டோன் கலந்து, ஆணித் தலைகளில் சொட்டு விட்டு இரண்டு நாள் விட்டேன். (அசிட்டோன் பெட்ரோல் போலத் தீப்பிடிக்கும். அடுப்பு இருக்கும் அறையில் வேண்டாம்.) மூன்றாம் நாள் சூடாக்கினேன். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் ஓட்டை ஆணியைவிடக் கொஞ்சம் பெருக்கும். நெருப்பு வேண்டாம் என்று ஹேர் ட்ரையரைத்தான் பிடித்தேன். தலைக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி, மேலே இருந்து நல்ல அழுத்தம், முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூலிழை, பிறகு கழற்றுகிற பக்கம். டிக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் தப்பித்தோம்.

இனி என் முட்டாள்தனம். ஸ்பூலில் இருந்த பிசுக்கை எடுக்க, கடையில் குக்கர் தட்டுகளை ஊறப்போடுகிற சலவைச் சோடாத் தண்ணீரில் அதையும் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். எவர்சில்வர் தட்டுக்கு அது சரி, அலுமினியத்துக்குக் கூடாது. காரம் அலுமினியத்தின் மேல்தோலைத் தின்னும். திரும்பி வந்தபோது ஐம்பது வருஷம் தாக்குப்பிடித்த மினுக்கம் முக்கால் மணி நேரத்தில் சாம்பல் நிறமாகியிருந்தது. பொலிஷ் போட்டுத் தேய்த்தேன், பாதிதான் வந்தது. இந்த ரீலுக்கு நடந்த சேதங்களில் மோசமானது எது என்று கேட்டால் அது நான் செய்ததுதான், அதையும் சீட்டில் எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது பிழையும் உண்டு. தடுப்பு நாக்கின் சின்ன ஸ்பிரிங் திறந்தவுடன் பறந்துவிட்டது. கடையில் அன்றைக்கு வியாபாரமே இல்லை, தரையில் தவழ்ந்ததுதான் வேலை. பழைய ஸ்பீக்கர் ஒன்றை உடைத்துக் காந்தத்தை எடுத்து, துணியில் சுற்றித் தரை முழுக்கத் தடவி, அலுமாரிக்கு அடியில் இருந்து அது ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு ஸ்பிரிங் உள்ள எதையும் ஒரு பெரிய கண்ணாடிப் பொலித்தீன் பைக்குள் கையை விட்டுத்தான் கழற்றுகிறேன்.

உள்ளே

திறந்தபோது பல்சக்கரமே தெரியவில்லை. மண்ணிறத்தில் கெட்டியாக, சாண வறட்டி போல ஒன்று உள்ளே முழுக்க நிறைந்திருந்தது. ஸ்டோரில் இலை உருட்டும் ரோலருக்குப் போடும் கிரீஸ். கிரீஸ் என்பது எண்ணெயைச் சவர்க்காரம் போன்ற ஒரு பொருளில் பிடித்து வைத்ததுதான். வருஷக்கணக்கில் எண்ணெய் கசிந்தும் காய்ந்தும் போனால் சவர்க்காரம் மட்டும் கட்டியாகிக் கிடக்கும். கைப்பிடி சுற்றாததற்கு அதுவே பாதிக் காரணம்.

மண்ணிறம் எங்கிருந்து வந்தது என்று ஒரு கட்டியை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். பஞ்சு. தேயிலையைச் சலிக்கும்போது பறக்குமே, இளம் இலையின் மெல்லிய ரோமம், அது. சலிக்கும் அறையில் ஒரு மணி நேரம் நின்றால் தலை, புருவம், சட்டை எல்லாம் அந்தப் பஞ்சுதான். அப்பா ரீலை ஸ்டோர் ஆயுதப் பெட்டியில் வைத்திருந்திருக்கிறார், அங்கேயே பிரித்தும் பார்த்திருக்கிறார். கிரீஸோடு பஞ்சும் தேயிலைத் தூளும் சேர்ந்து கம்பளி போல ஆகியிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. வெளியே தெரிந்த ஆணித் தலைகள் சிவப்புத் துரு. உள்ளே இந்தக் கம்பளி மூடியிருந்த இரும்புப் பாகங்களோ நீலம் கலந்த கறுப்பு, சிவப்புத் துரு கிட்டத்தட்ட இல்லை. தேயிலையில் இருக்கும் டனின் இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகி ஒரு படலம் கட்டும். பழைய இரும்புச் சாமான்களைப் பாதுகாக்கிற அருங்காட்சியகக்காரர்கள் டனிக் அமிலத்தைப் பூசுவது இதற்குத்தான். இங்கே ஸ்டோர் ஈரமும் பஞ்சும் சேர்ந்து தானாகவே அந்த வேலையைச் செய்துவிட்டன என்று நினைக்கிறேன், கிரீஸுக்கும் அதில் பங்கு இருக்கும். அந்தக் கறுப்பை நான் சுரண்டவில்லை. வெளி ஆணிகளின் துருவைக் கம்பிப் பிரஷால் தட்டிவிட்டு, கரி போலக் கொதித்த சாயத்தண்ணியில் (பால் சேர்க்காத தேநீர்) ஒரு இரவு போட்டு வைத்தேன். காலையில் அவையும் கறுத்திருந்தன. சீனி போடவில்லை, அதுதான் வித்தியாசம்.

மண்ணெண்ணெய், பழைய பல் பிரஷ், காது குடையும் பஞ்சுக் குச்சி, இவை மூன்றோடு இரண்டு இரவு போனது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

சுத்தம் செய்தும் அரைபடும் சத்தம் முழுவதும் போகவில்லை. பெரிய பல்சக்கரம் அச்சில் இடமும் வலமும் ஆடியது. பற்களில் மார்க்கர் பேனா மையைப் பூசி, கூட்டி, கைப்பிடியைப் பத்துச் சுற்றுச் சுற்றித் திறந்து பார்த்தேன். மை அழிந்த இடம் பல்லின் நடுவில் இல்லை, ஒரு ஓரத்தில் மட்டும். அதாவது சக்கரங்கள் நேருக்கு நேர் கடிக்கவில்லை, ஒரு நூல் தள்ளி நிற்கின்றன. கராஜில் 0.1 மில்லிமீட்டர் பித்தளைத் தகடு கொஞ்சம் வாங்கி வளையமாக வெட்டி அச்சில் போட்டேன். ஒன்று போட்டதும் அடையாளம் நடுவுக்கு நகர்ந்தது. இரண்டு போட்டால் சுற்றவே கனத்தது. ஒன்றோடு விட்டேன்.

அப்பாவின் நாலு வேலைகள்

முதலாவது, ஆணி. பக்கத் தகட்டு ஆணிகளில் ஒன்று மட்டும் மற்றவை போல இல்லை. மறை அளக்கும் சீப்பை வைத்துப் பார்த்தால் பி.ஏ. மறை, பழைய பிரித்தானிய அளவு. எங்கள் ஸ்டோர்களில் பெல்பாஸ்டில் இருந்து வந்த, தேயிலை உலர்த்தும் சிரொக்கோ ட்ரையர் போன்ற மெஷின்கள்தான் ஓடின, ஆணி டப்பாவில் இருந்ததும் அந்த நாட்டு ஆணிகள். மெட்ரிக் மறையின் கோணம் 60 பாகை, பி.ஏ. மறையின் கோணம் 47.5 பாகை. பிரெஞ்சு ஓட்டைக்குள் பிரித்தானிய ஆணியை அப்பா பலவந்தமாக முறுக்கியிருக்கிறார். மென்மையான அலுமினியம் வேறு வழியில்லாமல் புது மறைக்கு இடம் கொடுத்துவிட்டது.

கடைக்கு இப்படி ஒன்று வந்திருந்தால் எந்தக் கழுதை செய்த வேலை என்று வாய்விட்டே கேட்டிருப்பேன். ஆனால் அந்த ஆணி நாற்பது வருஷமாகப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. பிரெஞ்சு மறையை மீட்க வேண்டுமானால் ஓட்டையைப் பெருக்கி, புஷ் (உள்ளே சொருகும் குழாய்த் துண்டு) அடித்து, திரும்ப மறை வெட்ட வேண்டும். சுவர் மெல்லியது, வெடித்தால் உடம்பே போய்விடும். அந்த ஓட்டை இப்போது அந்த ஆணிக்குச் சொந்தம். சாயத்தண்ணியில் குளிப்பாட்டி, கொஞ்சம் கிரீஸ் தடவி, அதையே திரும்பப் போட்டேன்.

இரண்டாவது, வளையக் கம்பியின் ஸ்பிரிங். உள்ளே இருந்தது ஸ்பிரிங் மாதிரியே இல்லை. ஒரே ஒரு சுருள், இரண்டு பக்கம் கால், ஒரு கால் நுனி அரத்தால் ராவி மழுக்கியது. எங்கேயோ பார்த்த உருவம், ஆனால் பிடிபடவில்லை. சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா தண்ணீர் வைக்க வந்தவர் பார்த்தார்.

"இது என் ஊக்குடா. படங்கு கட்டுறதுக்கு வச்சிருந்த பெரிய ஊக்கு. பெரட்டுக்கு நேரமாச்சுன்னு அன்னைக்கி வீடு முழுக்கத் தேடுனேன். ஒங்கப்பா வாயே தொறக்கல."

படங்கு என்றால் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டும் சாக்கு, பெரட்டு என்றால் காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் இடம். ஊக்கின் தலையையும் முனையையும் வெட்டியெறிந்துவிட்டு நடுச் சுருளை எடுத்து ஸ்பிரிங் ஆக்கியிருக்கிறார். யோசனை அபாரம், சந்தேகமே இல்லை. ஆனால் இயந்திரக் கணக்கில் இரண்டு குறை. ஒரே சுருள் என்பதால் வளைவு முழுவதும் ஒரே இடத்தில் விழுகிறது. அதோடு ஊக்கை மூடும்போது சுருள் இறுகும், இங்கேயோ வளையத்தைத் திறக்கத் திறக்கச் சுருள் அவிழும்படி மாட்டியிருந்தது. முறுக்கு ஸ்பிரிங்கை இறுகுகிற பக்கம்தான் வேலை வாங்க வேண்டும். அவிழ்கிற பக்கம் வேலை வாங்கினால் சீக்கிரம் தளரும். தளர்ந்துதான் இருந்தது.

இதை மாற்றுவதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. கொழும்புக்குப் போன கூட்டாளி ஒருவன் புறக்கோட்டையில் இருந்து 0.8 மில்லிமீட்டர் ஸ்பிரிங் கம்பி கொண்டுவந்தான். துளைபோடும் பிட்டின் தண்டில் சுற்றினேன். சுற்றிவிட்டால் சுருள் கொஞ்சம் விரியும் என்பதால், தேவையான அளவைவிட மெல்லிய பிட். முதல் இரண்டும் காலை மடக்கும் இடத்தில் முறிந்தன. குறட்டின் பல் போட்ட கீறல்தான் காரணம். குறட்டு வாயில் செப்புத் தகடு வைத்து, மடிப்பைக் கூர்மையாக்காமல் வளைத்து மூன்றாவதைச் செய்தேன். சுற்றிய கம்பிக்குள் இருக்கும் இழுவை அடங்க 250 பாகை செல்சியஸ் சூட்டில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். திருத்த வந்திருந்த கேக் சுடும் ஓவன் ஒன்று கடையில் இருந்தது. எப்படியும் அதை ஓட்டிச் சோதிக்கத்தானே வேண்டும், உள்ளே ஸ்பிரிங்கை வைத்தேன். ஓவனும் சரியானது, ஸ்பிரிங்கும் சரியானது.

மூன்றாவது, டிராக் வாஷர். இதில்தான் அதிகம் குழம்பினேன். டிராக் திருகைக் கழற்றியபோது உள்ளே உலோக வாஷர்களுக்கு நடுவில் தோல் வட்டங்கள் இருந்தன. ஸ்டோரில் அந்தக் காலத்தில் ஒரே நீளத் தண்டில் இருந்து எல்லா மெஷின்களுக்கும் தட்டை பெல்ட் ஓடும். அந்த பெல்ட் தோலில் வெட்டியது. காய்ந்து, உலோகத்தோடு ஒட்டி, பிஸ்கட் மாதிரி ஆகியிருந்தது. தோல் என்பதால் மட்டமான வேலை என்று நினைக்கக் கூடாது. பழைய ரீல்களில் டிராக்குக்குத் தோல் போடுவது சாதாரணம்.

பிரயாணப் பையை நிறுக்கிற கைத்தராசை நூலில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். டிராக்கில் இரண்டு அளவு முக்கியம். ஸ்பூல் முதலில் நகரத் தொடங்க எவ்வளவு பலம் வேண்டும், நகர்ந்த பிறகு ஓட எவ்வளவு வேண்டும். இரண்டும் கிட்டக்கிட்ட இருக்க வேண்டும். முதல் அளவு பெரிதாக இருந்தால் மீன் திடீரென இழுக்கும் அந்த நொடியில் நூல் அறும். காய்ந்த தோலில் நகரத் தொடங்க 2.9 கிலோ, ஓடத் தொடங்கியதும் 1.1 கிலோ. இதை வைத்துக்கொண்டு அப்பா கடைசிக் காலத்தில் என்ன மீன் பிடித்திருப்பார் என்று யோசித்தேன். பிடித்திருக்க மாட்டார். அதனால்தான் டின்னுக்குள் போயிருக்க வேண்டும்.

தோலை ஆமணக்கு எண்ணெயில் மூன்று நாள் ஊறவைத்து அழுத்தி எடுத்துப் போட்டேன். 1.25க்கு 1.0. ஆச்சரியப்பட்டேன், இவ்வளவு நல்லதாக வரும் என்று நினைக்கவில்லை. பிறகு டெஃப்லான் தகட்டில் வட்டம் வெட்டிப் போட்டுப் பார்த்தேன். 0.95க்கு 0.9. மறுபடியும் மறுபடியும் இழுத்தாலும் அதே அளவு. தோல் மட்டும் தண்ணீர் பட்டதும் மாறியது, ஈரத்தில் இழுத்தபோது 0.8 வரை இறங்கியது.

இரண்டு நாள் தோலைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தேன். அப்பா கையால் வெட்டியது, வட்டம் கூடச் சரியான வட்டம் இல்லை, ஒரு பக்கம் அவருடைய கத்தி சறுக்கிய வெட்டு இருக்கிறது. ஆனால் அவர் அதைப் போட்டது ஞாபகத்துக்காக இல்லை, அன்றைக்குக் கையில் கிடைத்ததில் வேலை செய்யக்கூடியது அதுதான் என்பதற்காக. அவர் கையில் டெஃப்லான் இருந்திருந்தால் தோலைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார். டெஃப்லானைப் போட்டுப் பூட்டினேன். தோலும் ஊக்கும் சீட்டுக் கட்டிய ஒரு பையில் அதே பிஸ்கட் டின்னில் இருக்கின்றன.

நாலாவது, கைப்பிடிக் குமிழ். தேயிலைக் கட்டையில் கடைந்தது. கிழட்டுச் செடியைப் பிடுங்கும்போது கிடைக்கும் அடிக்கட்டை, இரும்பு மாதிரி இறுக்கமானது. நடுவில் பம்ப் அடுப்பின் பித்தளைக் குழாயை வெட்டிச் சொருகி, அச்சு அதில் சுற்றும்படி செய்திருக்கிறார். ஆட்டம் இல்லை, வெடிப்பு இல்லை. ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டேன், அவ்வளவுதான்.

பெயின்டையும் நான் எடுக்கவில்லை. அடிப்பக்கத்திலும் பக்கத் தகட்டிலும் திறந்த இரண்டு சாளரங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. கீழே இருக்கிற கறுப்பு முழுசாக இருக்கும் என்று உறுதி இல்லை, மேலே இருக்கிற பச்சையோ அரை நூற்றாண்டு ஈரத்தைத் தடுத்திருக்கிறது. பழைய சாமான் வாங்கி விற்கிற ஒருவர் கடைக்கு வந்தபோது, பச்சையை எடுத்தால் விலை கூடும் என்றார். விற்கிற உத்தேசம் இல்லாததால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

தண்ணீரில்

பூட்டும்போது கிரீஸ் கொஞ்சமாகத்தான் வைத்தேன், பல்சக்கரப் பற்களில் மட்டும். அச்சுக்கும் கம்பி மூட்டுகளுக்கும் எண்ணெய். புது நூல் 8 ராத்தல், கிலோவில் 3.6. டிராக்கை நூல் அறும் அளவில் நாலில் ஒரு பங்குக்கு வைப்பது வழக்கம், ஆகவே 0.9 கிலோ. ஸ்பூல் விளிம்புக்கு மூன்று மில்லிமீட்டர் கீழே வரை நூலைச் சுற்றினேன். அதைவிடக் கூடினால் கொத்தாகக் கழன்று சிக்கும், குறைந்தால் விளிம்பில் உரசித் தூரம் போகாது.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு மவுசாகலைக்குப் போனோம், நானும் அம்மாவும். மழை இல்லாத காலம், தண்ணீர் நன்றாக இறங்கிப் பழைய டவுன் கோயில் வெளியே தெரிந்தது. அதைப் பார்க்க வந்த கூட்டம் ஒரு பக்கம், சிவனொளிபாதமலைக்குப் போகிற வேன்கள் ஒரு பக்கம். அம்மா கோயில் பக்கம் கும்பிட்டுவிட்டு, குடையை விரித்துக் கரையில் உட்கார்ந்து ரொட்டி மாவை உருண்டை பிடித்துக் கொடுத்தார். அந்த உருண்டையின் அளவு அவருக்குக் கேட்காமலே தெரிந்திருந்தது.

நாற்பது தடவை வீசினேன், கொப்பியில் கோடு போட்டு எண்ணினேன். கைப்பிடி ஒரு சுற்றுக்கு வளையம் மூன்றரைக்கு மேல் சுற்றுகிறது, சத்தம் மெல்லிய டிக்டிக் மட்டும். தடுப்பு நாக்கு ஒரு தடவையும் தவறவில்லை. வளையக் கம்பி முப்பத்தேழு தடவை தானாக மூடியது, மூன்று தடவை கையால் தட்ட வேண்டியிருந்தது. ஜப்பான் மீன் ஒன்று, கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. "இதுக்காடா மூணு மாசம்?" என்றார் அம்மா.

பிறகு ஒன்று மாட்டியது. பெரிய கெண்டையாகத்தான் இருக்க வேண்டும், அவசரம் இல்லாமல் கனமாகக் கோயில் பக்கம் போனது. டிராக் கொடுத்தது, திக்கல் இல்லாமல், ஒரே சீராக, பத்துப் பன்னிரண்டு மீட்டர். இங்கே நான் ஒரு தவறு செய்தேன். மீன் இழுத்துக்கொண்டு இருக்கும்போதே பதற்றத்தில் கைப்பிடியைச் சுற்றினேன். ஸ்பூல் வழுக்கும்போது சுற்றினால் நூல் உள்ளே வராது, வளையத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் நூலில் ஒரு முறுக்குத்தான் ஏறும். "சுத்தாத, சுத்தாத, ஒங்கப்பா நிப்பாட்டிருவாரு" என்று அம்மா பின்னால் இருந்து கத்தினார். நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் நூல் லேசாகிவிட்டது. இழுத்துப் பார்த்தால் நூல் முழுசாக இருந்தது, முள்தான் நிமிர்ந்துபோயிருந்தது. அந்த முள் அப்பாவின் டின்னில் இருந்து எடுத்தது. அதை நான் மாற்றியிருக்க வேண்டும்.

மிச்ச வேலை இரண்டு. மூன்று தடவை மூடாத வளையம், ஸ்பிரிங்கின் ஒரு கால் அரை மில்லிமீட்டர் நீளம் என்பதால். கழற்றி ராவ வேண்டும், பொலித்தீன் பைக்குள் கையை விட்டு. நூல் உரசி ஓடும் முனையில் பழைய நூல் போட்ட மெல்லிய பள்ளம் ஒன்று இருக்கிறது, நகத்தால் தடவினால் தட்டுப்படும், அது புது நூலை அறுக்கும். மெருகு தேய்க்கிற பசையும் நூலும் வைத்துத் தேய்த்துப் பார்க்கப் போகிறேன். தென்மேற்கு மழை தொடங்கிவிட்டால் கரைக்குப் போக முடியாது, அதற்கு முன் ஒரு ஞாயிறு வேண்டும். அம்மா இப்போதே ரொட்டி மாவு எடுத்து வைத்துவிட்டார், புது முள் வாங்கினாயா என்று இரண்டு தடவை கேட்டும்விட்டார்.